பின்னட்டையில் இருந்த பெயர்கள்: ஒரு கிளை நூலகத்துக்கு வந்த பழைய சிறுவர் இதழ்கள்

எதற்காக இந்தப் பதிவு

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிறு நகரத்தின் கிளை நூலகத்துக்கு 2022 மே மாதம் சுமார் 900 பழைய சிறுவர் இதழ்களும் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. வாசகர் வட்டத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையை ஏற்றோம். இரண்டு பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஒருவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர், ஒருவர் கல்லூரி மாணவி, அப்புறம் நான். யாருக்கும் ஆவணக் காப்பில் பயிற்சி கிடையாது. முதல் இரண்டு வாரத்திலேயே திருத்த முடியாத ஒரு தவறைச் செய்தோம். அந்தத் தவறைச் சரிசெய்யப் போனபோதுதான் பெட்டிகளில் என்ன இருந்தது என்பதே புரிந்தது. இதே மாதிரிப் பெட்டிகள் பல வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கும். அவை இறங்கும் நாளில் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் தரவில்லை.

பின்னணி

இதழ்களைச் சேர்த்தவர் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். 2021-ல் தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார். அவருடைய மகள் வெளியூரில் இருக்கிறார். வீட்டை விற்க ஏற்பாடு செய்தபோது நூலகரிடம் வந்து சொன்னார்: "மூணு தகரப்பெட்டி, ஒரு மர பீரோ. நீங்க எடுத்துக்கலைன்னா பழைய பேப்பர் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை வருவார்." அன்று வியாழக்கிழமை. வெள்ளி மாலை ஒரு குட்டியானை வண்டி பிடித்து எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொண்டு வந்தோம்.

அந்த அவசரத்தில் ஒன்றைக் கேட்க மறந்தோம். இந்த இதழ்களை அவர் யாருக்காக வாங்கினார்? மகளைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லாத வீட்டில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுவர் இதழ்கள் ஏன் சேர்ந்துகொண்டே போயின? வண்டியில் ஏற்றும்போதே கேட்டிருக்கலாம்.

பெட்டிகளில் இருந்தவை

பெரும்பகுதி அம்புலிமாமா. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய இதழ். இங்கே இருந்தவை 1958-க்குப் பிறகானவை, இடையிடையே விடுபட்ட மாதங்களோடு. அடுத்தது கலைமகள் குழுமத்திலிருந்து எழுத்தாளர் ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு வந்த 'கண்ணன்'. 1972-ல் கல்கி நிறுவனம் தொடங்கிய கோகுலம், 1984-ல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வந்த பூந்தளிர் ஆகியவை பீரோவின் மேல்தட்டில் இருந்தன. முத்து காமிக்ஸ் பத்துப் பதினைந்து. வழவழப்பான தாளில், நம் தெருவில் யாரும் பார்த்திராத பனியும் பிர்ச் மரங்களுமாக, மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் முப்பதுக்கு மேல். சோவியத் நாடு இருந்தவரை அவை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலையில் வந்துகொண்டிருந்தன.

தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தவை இரண்டு. ஒன்று, அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' பிற்பதிப்பு ஒன்று. 1944-ல் 23 பாடல்களோடு சிறு நூலாக வந்து, பின்னால் பெருகிய தொகுப்பு அது. மற்றது, பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம். பத்துத் தொகுதிகளில் ஏழுதான் இருந்தன.

நிலைமை மோசம் என்று சொல்ல முடியாது. தகரப்பெட்டியில் வசம்புத் துண்டுகள் போட்டிருந்தார். பூச்சி அதிகம் ஏறவில்லை. ஆனால் செய்தித்தாள் ரகத் தாள் பழுத்து, ஓரம் அப்பளம் போல் நொறுங்கியது. கம்பிப் பின்கள் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றிருந்தன. பல இதழ்களில் பென்சில் கிறுக்கல்கள். அந்தச் சொல்லைத்தான் அன்று பயன்படுத்தினோம்.

முதல் இரண்டு வாரம்

எங்கள் திட்டம் எளிமையானது. சுத்தம் செய்வது, ஆண்டுவாரியாக அடுக்குவது, பைண்டு செய்வது, கண்ணாடி பீரோவில் வைத்துத் 'தமிழ்ச் சிறுவர் இலக்கிய வரலாறு' என்று ஒரு கண்காட்சி நடத்துவது. இப்படி முடிவு செய்ததற்குக் காரணங்கள் இருந்தன. தனித்தனி இதழாக விட்டால் தொலையும். அதோடு, நூலகத்தின் பழைய வார இதழ்கள் எல்லாம் பைண்டு செய்யப்பட்டுத்தான் இருந்தன; எங்களுக்குத் தெரிந்த முன்மாதிரி அது ஒன்றுதான்.

சுத்தம் செய்வது என்பதற்குத் தூசி தட்டுவது, பென்சில் கோடுகளை ரப்பரால் அழிப்பது என்று பொருள் கொண்டோம். இரண்டு வாரத்தில் சுமார் 210 இதழ்கள் முடிந்தன. கல்லூரி மாணவி மட்டும் ஒருமுறை கேட்டாள்: "இதுல பேர் பேரா எழுதியிருக்கே, அழிச்சிடலாமா சார்?" பள்ளிப் பிள்ளைகள் கண்ட இடத்தில் பெயர் எழுதுவது வழக்கம்தானே என்று நான்தான் பதில் சொன்னேன்.

முதல் தவணையாக 64 அம்புலிமாமாக்களை ஆறு தொகுதிகளாகப் பைண்டு செய்யக் கொடுத்தோம். பைண்டர் தன் தொழில் வழக்கப்படி செய்தார். முன்னட்டை, பின்னட்டை, விளம்பரத் தாள்களைக் கிழித்தெறிந்தார். மூன்று ஓரத்தையும் கட்டிங் இயந்திரத்தில் வெட்டி நேராக்கினார். கெட்டி அட்டை போட்டுத் தங்க நிற எழுத்தில் ஆண்டு பொறித்துக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தன. அட்டையை வைத்துத் தையுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது.

தவறு தெரிந்த நாள்

ஜூன் மாதம் இரண்டாவது வாரம். பைண்டு ஆகி வந்த தொகுதிகளை மேசையில் வைத்திருந்தோம். பேத்தியை அழைத்துக்கொண்டு வந்திருந்த ஒரு பெண்மணி, அறுபது வயதைத் தாண்டியவர், ஒரு தொகுதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு நூலகரிடம் கேட்டார்:

"இது சார் வீட்டுப் புஸ்தகம்தானே? பின்னட்டைக்கு உள்பக்கம் எங்க பேரெல்லாம் எழுதுவாரே, அது எங்கம்மா?"

தலைமையாசிரியர் தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு இதழ் இரவல் கொடுத்திருக்கிறார். பதிவேடு வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வோர் இதழின் பின்னட்டை உள்பக்கத்தில், விளம்பரத்தின் ஓர வெள்ளையில், வாங்கிப் போன பிள்ளையின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதுவார். திரும்பி வந்ததும் பக்கத்தில் ஒரு சிறு கோடு. நாங்கள் ரப்பரால் அழித்தது அந்தப் பட்டியலைத்தான். பைண்டர் கிழித்தெறிந்த அட்டைகளில் இருந்தது அதன் ஒரு பகுதி. அன்றே அவர் கடைக்குப் போனோம். கழிவுத் தாள் வாரத்துக்கு ஒருமுறை எடைக்குப் போய்விடும் என்றார்.

அதன் பிறகு அழிக்காத இதழ்களை உட்கார்ந்து புரட்டினோம். பெயர்ப் பட்டியல் மட்டுமில்லை. குறுக்கெழுத்துக் கட்டங்களில் தப்பும் சரியுமாக விடைகள். இரண்டு புகைப்படங்களுக்குப் பொருத்தமான தலைப்புக் கேட்கும் அம்புலிமாமா போட்டிப் பக்கத்தில், அஞ்சலில் போகாத தலைப்புகள். ஒரு தொடர்கதையின் முடிவில் 'அடுத்த மாசம் செத்துருவான்' என்று ஒரு கையெழுத்து. கீழே வேறு கையெழுத்தில் 'சாகலை'. வேதாளக் கதைகளில் அரசனுக்கு விடப்பட்ட கேள்வியின் பக்கத்தில் பிள்ளைகளின் சொந்தத் தீர்ப்புகள்.

சிறுவர் இலக்கிய வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் எழுதியவர்களையும் அச்சிட்டவர்களையும் வைத்து எழுதப்பட்டவை. படித்த பிள்ளை அதில் எங்குமே பேசுவதில்லை. எங்கள் கைக்கு வந்தது, தற்செயலாக, அந்தப் பிள்ளையின் தரப்பு.

மாற்றிய முறை

பைண்டிங்கை அன்றே நிறுத்தினோம். ரப்பர்களை நூலகர் வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். அவர் அதைக் கோபத்தில்தான் செய்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்து எடுத்த முடிவு, எதையும் தொடுவதற்கு முன் படம் எடுப்பது. ஒவ்வோர் இதழுக்கும் முன்னட்டை, பின்னட்டை, அதன் உள்பக்கம், எழுத்து உள்ள எல்லாப் பக்கங்களும். கைபேசி கேமராதான். படத்தின் பெயரில் இதழ், மாதம், ஆண்டு.

ஏற்கெனவே அழித்த இதழ்களில் 64 போய்விட்டன. மீதி 146 இதழ்களுக்கு அச்சக நண்பர் ஒரு வழி சொன்னார். இருட்டறையில் தாளை மேசையில் வைத்து, டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்தால், பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். தலைமையாசிரியர் அழுத்தி எழுதுகிறவர். தொண்ணூறுக்கும் அதிகமான இதழ்களில் பெயர்களை இப்படி மீட்டோம். தேதிகள் பாதிக்கு மேல் தெரியவில்லை. ரப்பர் தேய்த்த இடத்தில் தாளின் மேற்பரப்பே உரிந்து வந்த இதழ்களில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

துருப்பிடித்த பின்களை நெம்பி எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டினோம். நிமிர்த்தி அடுக்காமல் அட்டைப் பெட்டியில் படுக்க வைத்தோம்.

படங்களை இணையத்தில் ஏற்றலாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பெயரில்லாமல் வந்த படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அம்புலிமாமாவில் பல கதைகளுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. ஆனால் ஓவியங்கள் இருக்கின்றன. 1952-ல் சேர்ந்து விக்கிரமனையும் வேதாளத்தையும் நம் கண்ணுக்குப் பழக்கிய ஓவியர் சங்கர் 2020 வரை வாழ்ந்தவர். பதிப்புரிமையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று: அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். எனவே படங்களை நூலகக் கணினியில் மட்டும் வைத்து, நேரில் வருபவர்களுக்குக் காட்டுவது என்று முடிவானது. மாணவி இன்றுவரை இதை ஏற்கவில்லை. பூட்டி வைத்தால் பழைய தகரப்பெட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது அவள் கேள்வி.

பட்டியல் சொன்னதும் சொல்லாததும்

மீட்டவை, அழியாமல் தப்பியவை எல்லாம் சேர்ந்து நானூறு இதழ்களுக்குக் குறையாமல் பெயர்கள் கிடைத்தன. ஒரு நோட்டில் ஆண்டுவாரியாக எழுதினோம். முதல் பார்வைக்கு மூன்று விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, பிள்ளைகள் விரும்பி எடுத்தது தொடர்கதை வந்த இதழ்களை. தீபாவளிச் சிறப்பிதழ்கள் ஒரே ஆண்டில் பத்துப் பேரிடம் போயிருக்கின்றன. நாங்கள் பெரிதாக நினைத்த கலைக்களஞ்சியத்தில் ஒரு பெயரும் இல்லை. அதைத் திண்ணையிலேயே உட்கார்ந்து பார்க்கத்தான் அனுமதி என்று பின்னால் தெரிந்தது.

இரண்டு, பெண்பிள்ளைகளின் பெயர்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வரும், பிறகு சட்டென்று நிற்கும். பையன்களின் பெயர்கள் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். இதிலிருந்து, பையன்கள் அதிக காலம் படித்தார்கள் என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

மூன்று, 1984-க்குப் பிறகு பெயர்கள் குறைகின்றன. இதழ்கள் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை, ஆனால் வாங்கிப் போகிறவர்கள் இல்லை. தொலைக்காட்சி என்று எல்லோரும் உடனே சொன்னார்கள். இருக்கலாம். அதே ஆண்டுகளில் அவர் ஓய்வு பெற்றதும், தெருவில் சில குடும்பங்கள் இடம் பெயர்ந்ததும் உண்டு. ஒரு தெருவின் பட்டியலை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய காரணம் சொல்ல நான் துணியவில்லை.

அடுத்ததாக, பெயரில் இருப்பவர்களைத் தேடினோம். அந்தப் பெண்மணியின் உதவியோடு பதினொரு பேரைக் கண்டுபிடித்தோம். ஆறு பேர் பேசச் சம்மதித்தார்கள். என் இரண்டாவது முடிவு அங்கே உடைந்தது. அந்தப் பெண்மணியே சொன்னார்: "பெரியவளானதும் திண்ணைக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க. தம்பிய அனுப்பி வாங்கிட்டு வரச் சொல்லுவேன். அவன் படத்தைப் பார்ப்பான், அவ்வளவுதான். படிச்சது நான்." தம்பியின் பெயரில் நோட்டில் முப்பத்தோரு பதிவுகள் இருந்தன. அவரும் அந்த ஆறு பேரில் ஒருவர். கேட்டபோது சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்: "அக்கா வேற இதழ் வேணும்னு திருப்பி அனுப்பிடும், நாலு நடை நடப்பேன்."

இன்னொன்றைப் பட்டியல் சொல்லவே இல்லை. அச்சக நண்பர்தான் கவனித்தார். அந்தப் பள்ளியில் ஊர்க் கோடியில் உள்ள காலனிப் பிள்ளைகளும் படித்தார்கள். அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. காலனியைச் சேர்ந்த, அதே பள்ளியில் படித்த ஒருவரிடம் போய்ப் பேசினோம். அவர் குரலில் கசப்பு எதுவும் இல்லை. "அந்தத் தெருவுக்குள்ள நாங்க எங்க போறது? சார் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுல கிளாஸ்ல வாசிச்சுக் காட்டுவார். வேதாளம் கேள்வி கேக்கற இடத்துல நிறுத்திட்டு, திங்கக்கிழமை பதில் சொல்லுங்கடான்னு போயிடுவார். இரண்டு நாள் அதே பேச்சா இருக்கும்." அந்த வாசிப்புக்கு எந்த அட்டையிலும் பதிவு கிடையாது. தலைமையாசிரியர் அதை அறிந்தே செய்தாரா, திண்ணைக்கு வர முடியாதவர்களுக்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமையா, கேட்க அவர் இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி ஒட்டினோம், பட்டியலைப் பார்க்கிறவர் முதலில் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக.

சனிக்கிழமை வாசிப்பு

வெள்ளிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கேட்டதுதான் நூலகரைத் தூண்டியது. ஆகஸ்டிலிருந்து சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, இந்த இதழ்களிலிருந்து வாசிப்பு. முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள்.

பாட்டு உடனே எடுபட்டது. வள்ளியப்பாவின் பாடல்களை இரண்டாவது தடவை வாசிக்கும்போதே பிள்ளைகள் கடைசிச் சொல்லைப் பிடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு வங்கி ஊழியர் எழுதிய பாடல், கைபேசி பார்க்கும் பிள்ளையின் வாயில் எந்த முயற்சியும் இல்லாமல் ஏறுகிறது. சொற்கள் சின்னவை, தாளம் நடக்கிற தாளம், முடிவில் ஒரு சின்னக் குறும்பு. உரைநடைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1950களின் கதைகளில் ஒரு வாக்கியம் மூன்று வரி ஓடும். 'பிரயத்தனம்', 'சம்பிரமம்' போன்ற சொற்களில் பிள்ளைகள் தடுக்கி விழுந்தார்கள். வேதாளக் கதை மட்டும் விதிவிலக்கு. மொழி பழையதாக இருந்தாலும், கடைசியில் ஒரு கேள்வி தங்களுக்குக் காத்திருக்கிறது என்று தெரிந்ததும் பொறுத்துக் கேட்டார்கள். நாங்களும் கேள்வியோடு நிறுத்திவிட்டு அடுத்த வாரம் பதில் கேட்டோம்.

முத்து காமிக்ஸில் வேறு சிக்கல். 1972-ல் அந்த வரிசையின் முதல் வெளியீடாக வந்த இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஒரு பையன் சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்த பார்வை சரியில்லை. நூலகர் அன்று பத்து நிமிடம் மின்சாரம் பற்றிப் பேசினார்.

நாலாவது வாரம் நடந்தது அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியது இல்லை. ஓர் ஆசிரியர் முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல் ஒரு கதையை எடுத்து வாசித்தார். அதில் கெட்டவளின் கருத்த நிறத்தை மூன்று இடத்தில் கேலியாக வருணித்திருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து வயதுச் சிறுமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அந்த இதழைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார் ஓர் ஆசிரியர். அந்த வரிகளை மறைத்து ஒட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். ஒரு தடவை அழித்து நாம் பட்டது போதாதா என்றாள் மாணவி. கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: இதழில் கை வைப்பதில்லை. சிறுவர் வாசிப்புக்கு எடுக்கும் கதையை இரண்டு பேர் முன்னதாக முழுவதும் படிக்க வேண்டும். நிறம், சாதி, உடல் குறை, பெண்பிள்ளையின் அடக்கம் என்று வருகிறவற்றைச் சிறியவர்களுக்கு வாசிப்பதில்லை; பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அன்றைய பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தோம் என்ற பேச்சோடு சேர்த்து வாசிக்கலாம். அந்தச் சிறுமியின் வீட்டுக்கு நூலகர் போய்த் தாயிடம் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். ஒன்றரை மாதம் கழித்துச் சித்தி மகளைக் கொண்டு விடுவதற்காக அவள் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசல் பெஞ்சில் ஒரு சோவியத் புத்தகத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு சில வாரம் வந்தாள், சில வாரம் வரவில்லை.

கண்காட்சி, இரண்டு முறை

நவம்பரில் முதல் கண்காட்சி. நான் தயாரித்த காலவரிசைப் படம் பதினாறு அடி நீளம். ஆத்திசூடியில் தொடங்கியது. 1826-ல் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரக் கதை, தமிழின் முதல் சிறுவர் இதழ் என்று வழக்கமாகக் குறிக்கப்படும் 1840-ன் பால தீபிகை, 1915-ல் ஞானபாநு இதழில் வந்த பாரதியின் பாப்பாப் பாட்டு, கவிமணி, 1950-ல் வள்ளியப்பாவின் முன்முயற்சியில் உருவான குழந்தை எழுத்தாளர் சங்கம், 2010-ல் சாகித்ய அகாதெமி தொடங்கிய பால சாகித்ய புரஸ்கார், தமிழில் அதன் முதல் விருது பெற்ற மா. கமலவேலன், 2020-ல் கோகுலம் அச்சில் நின்றது வரை.

ஆத்திசூடியில் தொடங்குவதைப் பற்றியே எங்களுக்குள் வாக்குவாதம். அது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது, சரி. பிள்ளை தானாக எடுத்துப் படித்து மகிழ்வதற்காக எழுதப்பட்டதா என்பது வேறு கேள்வி. அந்தக் கணக்கில் பஞ்சதந்திரமும் பாடநூலாகப் பரவியதுதான். என் கருத்தில், தமிழில் பிள்ளையை மாணவனாக மட்டும் பார்க்காமல் வாசகனாகப் பார்க்கும் பழக்கம் மாத இதழ்களோடுதான் உறுதிப்பட்டது. காசு கொடுத்து அடுத்த மாதமும் வாங்க வைக்க வேண்டும் அல்லவா. நண்பர்கள் ஒப்பவில்லை, படம் ஔவையிலேயே தொடங்கியது.

பெரியவர்கள் நின்று படித்தார்கள், அம்புலிமாமா அட்டைகளின் முன் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பதினாறு அடியையும் இரண்டு நிமிடத்தில் கடந்து வெளியே ஓடினார்கள்.

2023 மே விடுமுறையில் மறுபடி வைத்தோம். காலவரிசைப் படத்தைப் பின்சுவருக்குத் தள்ளினோம். முன்னால், அந்த ஒரு தெருவில் 1963-ல் மாதம்தோறும் யார் எதை எடுத்தார்கள் என்று ஒரு பலகை, சம்மதித்தவர்களின் முதலெழுத்துகளோடு. தம்பியின் பெயரில் அக்கா படித்த கதை. வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியட். 'செத்துருவான்', 'சாகலை' இரண்டையும் பெரிதாக்கி ஒட்டியிருந்தோம். பக்கத்தில் அந்தத் தொடர்கதையின் அடுத்த மாத இதழ், யார் சொன்னது சரி என்று பார்த்துக்கொள்ளலாம். அங்கேதான் கூட்டம் நின்றது. குறுக்கெழுத்தின் நகலைக் கொடுத்தோம். அறுபது ஆண்டுக்கு முன் ஒரு பிள்ளை தப்பாக எழுதிய விடையை இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள்.

இப்போதைய நிலை

இதழ்கள் பெட்டிகளில் உள்ளன. படங்கள் இரண்டு இடத்தில் சேமிக்கப்பட்டுள்ளன. சென்னையில் உள்ள ஓர் ஆய்வு நூலகத்துக்கு எங்கள் பட்டியலை அனுப்பினோம். அவர்களிடம் இல்லாத 'கண்ணன்' இதழ்கள் சிலவற்றை அவர்கள் ஸ்கேன் செய்து திருப்பி அனுப்பினார்கள். கலைக்களஞ்சியத்தின் மூன்று தொகுதிகள் கிடைக்கவில்லை. அட்டை இழந்த 64 இதழ்களுக்கு, அந்தப் பெண்மணியும் அவர் தம்பியும் நினைவிலிருந்து சில பெயர்களைச் சொன்னார்கள். 'நினைவிலிருந்து' என்று தலைப்பிட்டுத் தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம், பட்டியலோடு கலக்கவில்லை. சனிக்கிழமை வாசிப்புக்குச் சராசரியாகப் பதினைந்து பேர் வருகிறார்கள். தேர்வு மாதங்களில் நான்கு பேர்.

மறுபடி செய்தால்

வீட்டில் பெட்டி இருந்த இடத்திலேயே, வண்டி வருவதற்கு முன், கொடுப்பவரோடு ஒரு மணி நேரம் உட்காருவோம். யார் படித்தார்கள், எங்கே வைத்துப் படித்தார்கள் என்று கேட்டு எழுதுவோம். இதழ்கள் பெட்டியில் இருந்த வரிசையைப் படம் எடுப்போம். நாங்கள் ஆண்டுவாரியாகக் கலைத்தபோது, அதிகம் இரவல் போனவற்றை அவர் மேலே வைத்திருந்த ஒழுங்கும் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் மாதம் ரப்பர், பசை, கத்தரி எதுவும் மேசைக்கு வரக் கூடாது. பைண்டிங் தவிர்க்க முடியாது என்றால், 'அட்டையோடு, வெட்டாமல்' என்று எழுதிக் கொடுத்து, ஒரே ஒரு தொகுதியை முதலில் செய்து பார்ப்போம். இளைய ஆள் ஒருவர் சந்தேகம் கேட்டால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டுப் பேசுவோம். இதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது மாணவி இல்லை, நான்.

பெயர்ப் பட்டியலிலிருந்து முடிவு எழுதுவதற்கு முன் ஆட்களைத் தேடிப் போவோம். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

நூலகர் இன்னொரு மாற்றத்தை ஏற்கெனவே செய்துவிட்டார். சிறுவர் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு. புத்தகம் எடுக்கும் பிள்ளை தன் கையெழுத்தில் எழுத வேண்டும். அதில் 'இதை வேறு யார் படிப்பார்கள்?' என்று ஒரு பத்தி போட்டிருக்கிறார். முதல் மாதப் பதிவுகளில் பாதிக்கு மேல் காலி. மீதியில் 'அக்கா' ஐந்து இடத்தில், 'அம்மா' மூன்று இடத்தில். ஒரு பையன் 'பாட்டிக்குக் கண்ணு தெரியாது, நான்தான் படிக்கணும்' என்று பத்தியைத் தாண்டி அடுத்த வரி வரைக்கும் எழுதியிருக்கிறான்.